இருபதாம் இடத்துச் சாம்பியன்

அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டுகளை நடத்தும் அமைப்பின் பெயர் என்.சி.ஏ.ஏ. கூடைப்பந்து, நீச்சல், வாள்சண்டை, துடுப்புப் படகு என்று ஏகப்பட்ட விளையாட்டுகளுக்கு அது தேசியச் சாம்பியன் பட்டம் கொடுக்கிறது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது: அமெரிக்கக் கால்பந்தின் மேல்மட்டப் பிரிவு. லட்சம் பேர் உட்காரும் அரங்குகள் சனிக்கிழமைதோறும் நிரம்பி வழியும் அந்த ஆட்டத்துக்கு, என்.சி.ஏ.ஏ. தானாக ஒரு சாம்பியனை அறிவித்ததே இல்லை. அதன் பதிவுப் புத்தகத்தில் இருப்பது வேறொன்று. எந்த ஆண்டில் எந்தப் பத்திரிகை, எந்தப் பேராசிரியர், எந்தக் கணக்கு முறை எந்த அணியைச் சாம்பியன் என்று சொன்னது என்கிற பட்டியல். அதிலிருந்து தனக்கு வேண்டியதைப் பொறுக்கி எடுத்து, ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் அரங்கச் சுவரில் ஆண்டுகளை எழுதிக்கொள்கிறது. இதற்கு அவர்களிடம் இருக்கும் சொல் 'கிளெய்ம்'. ஆபீஸில் டோலுக்கும் கிளினிக் செலவுக்கும் போடுவோமே, அதே கிளெய்ம்தான். ரசீது இருந்தால் போடலாம்.

பிரச்சினை, ரசீது யார் எழுதியது, எப்போது எழுதியது என்பதில்தான் இருக்கிறது. அந்தப் பதிவுப் புத்தகத்தை விளையாட்டுத் தகவலாக இல்லாமல் ஒரு பிரதியாக, பல பேர் பல காலத்தில் கை வைத்த ஏடு போல, வாசிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அப்படி வாசித்தால் 'யார் சிறந்த அணி' என்ற கேள்வி சீக்கிரமே பின்னால் போய்விடுகிறது.

முதலில் இந்த விளையாட்டின் அமைப்பு. நான் சொல்வது மாமாக் கடைத் திரையில் நாம் பார்க்கும் பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, முட்டி மோதி, கஜம் கஜமாக முன்னேறுகிற ஆட்டம். மேல்மட்டப் பிரிவில் இன்று 130-க்கு மேற்பட்ட அணிகள் உள்ளன. உடம்பு தாங்காத ஆட்டம் என்பதால் ஓர் அணி ஒரு சீசனில் பன்னிரண்டு, பதின்மூன்று முறைதான் களமிறங்கும். 130 அணிகளை ஜோடி ஜோடியாகச் சேர்த்தால் 8,385 ஜோடிகள் வரும். நடக்கும் ஆட்டங்களோ சுமார் 800. பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மலேசிய சூப்பர் லீக்கில் எல்லாரும் எல்லாரோடும் ஆடுகிறார்கள், புள்ளியைக் கூட்டினால் பதில் வந்துவிடும். 2014 முதல் ஜொகூர் டாருல் தாக்சிமே ஜெயித்துக்கொண்டிருப்பது நமக்கு அலுப்பாக இருக்கலாம். ஆனால் பட்டியலைப் பார்த்து யாரும் வழக்குப் போட முடியாது. அமெரிக்காவில் அந்தக் கூட்டல் கணக்குக்கே வழியில்லை. இடைவெளியை யாராவது கருத்தால் நிரப்பியாக வேண்டும்.

நிரப்பியவர்களில் முக்கியமான ஒருவர் ஃபிராங்க் டிக்கின்சன், இல்லினாய் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர். வெற்றிக்கு இத்தனை புள்ளி, எதிரணி வலுவானதென்றால் இன்னும் இத்தனை என்று அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். சிகாகோவில் துணி உற்பத்தி செய்த ஜாக் ரிஸ்மன் 1926-இல் அந்தக் கணக்கின்படி ஒரு கோப்பை கொடுக்க முன்வந்தார். அப்போது நோட்ர டேம் பயிற்சியாளர் நூட் ராக்னி, 'இதை ஏன் இரண்டு வருஷம் பின்னாலிருந்து தொடங்கக் கூடாது' என்று கேட்டுக்கொண்டாராம். பேராசிரியரும் சரி என்றார். 1924-இன் சாம்பியன் யார் என்று கணக்குப் போட்டால் நோட்ர டேம். கோப்பை என்ற பண்டம் பிறக்கும்போதே தேதி முன்தள்ளி எழுதப்பட்டு வந்தது என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்திரிகை வாக்கெடுப்பு 1936-இல் வந்தது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் விளையாட்டு ஆசிரியர் ஆலன் கூல்ட் தொடங்கிவைத்தார். அதற்கு முந்தின ஆண்டு அவர் தனியாளாக மின்னசோட்டா, பிரின்ஸ்டன், சதர்ன் மெதடிஸ்ட் மூன்றும் சமம் என்று எழுதப்போய், மின்னசோட்டாக்காரர்கள் கொதித்துவிட்டார்கள். அப்புறம்தான் பல எழுத்தாளர்களிடம் வாக்கு வாங்கும் யோசனை. ஒரு சனிக்கிழமைக்கும் அடுத்த சனிக்கிழமைக்கும் நடுவில் பத்திரிகை படிப்பவர்கள் சண்டை போட்டுக்கொள்ள ஏதாவது வேண்டும், அதற்காகத்தான் செய்தேன் என்று அவரே பிற்காலத்தில் மறைக்காமல் சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. இலக்கியத்தில் 'சிறந்த நூறு நாவல்கள்' பட்டியல் போடுபவர்கள் யாரும் இவ்வளவு வெளிப்படையாகப் பேசி நான் பார்த்ததில்லை.

இனி, பின்னோக்கிப் பட்டம் கொடுத்தவர்கள். பார்க் டேவிஸ் என்பவர் பிரின்ஸ்டனில் படித்து, பிரின்ஸ்டனுக்கு ஆடி, பிறகு வழக்கறிஞரானவர். 1933-இல் ஸ்பால்டிங் கால்பந்துக் கையேட்டில் 1869 முதலான சாம்பியன்களின் பட்டியலை வெளியிட்டார். 1869 என்றால் முதல் ஆட்டமே நடந்த ஆண்டு. ரட்கர்ஸ் 6–4 என்று பிரின்ஸ்டனை வென்றது. அடுத்த வாரம் பிரின்ஸ்டன் 8–0 என்று திருப்பிக் கொடுத்தது. சீசன் முடிந்தது. ஆடியது இரண்டே அணிகள், ஆளுக்கு ஒரு வெற்றி, இருவருமே தேசியச் சாம்பியன்! பிரின்ஸ்டன் இன்று 28 தேசியப் பட்டங்கள் தனக்கு உண்டு என்கிறது. அவற்றில் இந்த 1869-உம் ஒன்று. இதைவிட வேடிக்கை பிட்ஸ்பர்க் கதை. 1934-இல் பிட்ஸ்பர்க் அணி மின்னசோட்டாவிடம் 13–7 என்று தோற்றது. மின்னசோட்டா அந்த ஆண்டு யாரிடமும் தோற்கவில்லை. இருந்தும் 1934 பட்டம் தன்னுடையது என்று பிட்ஸ்பர்க் சொல்கிறது. ரசீது, பார்க் டேவிஸ் பட்டியல். டேவிஸ் 1934 ஜூனில் இறந்துவிட்டார். சீசன் தொடங்கியதே அதற்குப் பிறகு, இலையுதிர்காலத்தில். கையேட்டின் பட்டியலை வேறு யாரோ தொடர்ந்து எழுத, செத்தவர் கையெழுத்து ரசீதில் நிலைத்துவிட்டது.

ஆனால் இவையெல்லாம் பழங்கதை, யாருக்கும் பெரிய நட்டமில்லை. என்னை உண்மையில் எரிச்சல்படுத்துவது அலபாமாவின் 1941.

அலபாமா இந்த விளையாட்டின் பெரிய வீடு. பேர் பிரயண்ட் பயிற்சியில் 1961, 1964, 1965, 1973, 1978, 1979 என்று ஆறு பட்டங்கள். நிக் சேபன் காலத்தில் இன்னும் ஆறு. அவர்களுக்குக் கடன் வாங்க வேண்டிய தேவையே இல்லை. 1980-களில், பல்கலைக்கழகத்தின் விளையாட்டுச் செய்திப் பிரிவு ஆண்டுக் கையேட்டைத் தயாரிக்கும்போது, பிரயண்டுக்கு முந்தைய காலத்திலிருந்து ஐந்து பட்டங்களைச் சேர்த்தது: 1925, 1926, 1930, 1934, 1941. ஆறு ஒரே இரவில் பதினொன்று ஆனது. முதல் நான்குக்கும் ஏதோ நியாயம் சொல்லலாம். அந்த நான்கு ஆண்டுகளிலும் அணி ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை.

1941-இல் அலபாமா இரண்டு ஆட்டங்களில் தோற்றது. மிசிசிப்பி ஸ்டேட்டிடம் 14–0, வாண்டர்பில்ட்டிடம் 7–0. இரண்டிலும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. சொந்தப் பிராந்தியக் கூட்டமைப்பையே ஜெயிக்கவில்லை; அதை ஜெயித்தது மிசிசிப்பி ஸ்டேட். அசோசியேட்டட் பிரஸ் இறுதிப் பட்டியலில் இடம் இருபது. முதலிடம், எட்டுக்கு எட்டு வென்ற மின்னசோட்டா. சீசன் முடிந்து காட்டன் பவுல் ஆட்டத்தில் அலபாமா டெக்சஸ் ஏ அண்ட் எம் அணியை 29–21 என்று வென்றது. அந்த ஆட்டத்தில் ஒரே ஒரு 'ஃபர்ஸ்ட் டவுன்' எடுத்தது, எதிரணி எடுத்தது பதின்மூன்று. நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேறினால் ஒரு ஃபர்ஸ்ட் டவுன். ஆட்டம் முழுக்கப் பந்தை நகர்த்த முடியாமல், எதிரி தவறவிட்டதைப் பிடித்து ஓடியே ஜெயித்தார்கள் என்று அர்த்தம்.

அப்படியானால் சாம்பியன் என்று சொன்னது யார்? டீக் ஹூல்கேட் என்பவரின் கணக்கு முறை. அன்று பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்த பல கணக்குகளில் ஒன்று. ஒரே ஒரு ரசீது. அந்த ரசீது 1941-லேயே எழுதப்பட்டதுதான், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாற்பது வருஷத்துக்கு மேல் அலபாமா அதை வெளியே எடுக்கவே இல்லை. 1941-இல் யாராவது எடுத்திருந்தால் மிசிசிப்பி ஸ்டேட்காரன் அடுத்த நிமிஷம் சிரித்திருப்பான். சிரிக்கக்கூடியவர்கள் வயதாகி ஓய்ந்த பிறகு எடுத்ததுதான் இங்கே தந்திரம்.

இதில் ஒரு விநோதமும் உண்டு. 1945-இல் பத்துக்குப் பத்து வென்ற அலபாமா அணியையும், 1966-இல் பதினொன்றுக்குப் பதினொன்று வென்ற அணியையும் அதே பல்கலைக்கழகம் சாம்பியன் என்று கோருவதில்லை. இரண்டு முறை தோற்ற அணிக்குச் சுவரில் இடம், தோல்வியே காணாத அணிக்கு இல்லை. பட்டியலுக்குள் ஒரு கொள்கை இருந்தால் இப்படி வராது.

நான் வைக்கும் அளவுகோல் எளிமையானது. உரிமை கோரலை அந்த ஆண்டே, எதிராளி பதில் பேச முடிகிற நேரத்தில், சத்தமாகச் சொன்னார்களா? சொன்னால் அது வாதம். ஆடியவர்கள் எல்லாம் போன பிறகு கையேட்டில் சேர்த்தால் அது பத்திரத் திருத்தம். யார் சிறந்த அணி என்பதை இந்த அளவுகோல் தீர்க்காது. கோரல்களில் எதை மதிக்கலாம் என்பதை மட்டும் சொல்லும்.

இதை வைத்துப் பார்த்தால், பெரிய சண்டைகள் என்று பேசப்படுபவை பலவும் நல்ல சண்டைகள்தான். நீண்ட காலம் வாக்கெடுப்பை பவுல் ஆட்டங்களுக்கு முன்பே முடித்துவிட்டார்கள். இறுதித் தேர்வு எழுதும் முன்பே ரிசல்ட். 1947-இல் நோட்ர டேம் முதலிடம் என்று முடிவான பிறகு, மிச்சிகன் ரோஸ் பவுலில் சதர்ன் கலிஃபோர்னியாவை 49–0 என்று நொறுக்கியது. அதே அணியை நோட்ர டேம் 38–7 என்றுதான் வென்றிருந்தது. அசோசியேட்டட் பிரஸ் தனியாக இன்னொரு வாக்கெடுப்பு வைத்தது. மிச்சிகனுக்கு 226, நோட்ர டேமுக்கு 119. ஆனால் அது கணக்கில் சேராது என்றும் சொல்லிவிட்டார்கள். இரு தரப்பும் இன்றுவரை 1947-ஐ எழுதிக்கொள்கின்றன. எழுதட்டும். அன்றைக்கே மோதிய விஷயம்.

1964-இல் அலபாமா இரண்டு பெரிய வாக்கெடுப்பிலும் முதலிடம் வாங்கிவிட்டு, ஆரஞ்சு பவுலில் டெக்சஸிடம் 21–17 என்று தோற்றது. அந்த டெக்சஸை சீசனில் 14–13 என்று வென்றிருந்த ஆர்கன்சா, தோல்வியே இல்லாமல் முடித்தது. கால்பந்து எழுத்தாளர் சங்கம் ஆர்கன்சாவைத் தேர்ந்தெடுத்தது. அடுத்த ஆண்டு அசோசியேட்டட் பிரஸ் பவுல்களுக்குப் பிறகு வாக்கெடுத்தது, பிறகு மறுபடி மனசு மாறி, கடைசியில் 1968-இலிருந்துதான் நிரந்தரமாக மாற்றியது. பயிற்சியாளர்கள் வாக்கெடுப்புக்கு இன்னும் கொஞ்சம் அடி தேவைப்பட்டது. 1973-இல் அது அலபாமாவைச் சாம்பியன் ஆக்கிய கையோடு, அலபாமா நோட்ர டேமிடம் 24–23 என்று தோற்றது. மறு ஆண்டு விதியை மாற்றினார்கள்.

1990-இல் கொலராடோ மிசூரியை 33–31 என்று வென்றபோது நடுவர்கள் எண்ணிக்கையில் தவறிப்போய் நாலுக்குப் பதில் ஐந்து முயற்சி கொடுத்துவிட்டார்கள். வெற்றிப் புள்ளி வந்தது அந்த ஐந்தாவதில். கொலராடோவுக்குப் பத்திரிகைப் பட்டம், ஜோர்ஜியா டெக்குக்குப் பயிற்சியாளர் பட்டம். 1997-இல் மிச்சிகனும் நெப்ராஸ்காவும் தோற்காமலேயே பட்டத்தைப் பங்கு போட்டன. இதைப் பற்றி இன்னும் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள், நான் தாண்டிப் போகிறேன்.

2017-இல் சென்ட்ரல் ஃபுளோரிடா செய்ததைத்தான் நின்று பார்க்க வேண்டும். அப்போது நான்கு அணிகள் கொண்ட பிளேஆஃப் முறை. ஒரு குழு உட்கார்ந்து நான்கு பேரைப் பொறுக்கும். சிறிய கூட்டமைப்பைச் சேர்ந்த சென்ட்ரல் ஃபுளோரிடா பன்னிரண்டு ஆட்டங்களையும் வென்றிருந்தும் குழு அவர்களைச் சீந்தவில்லை. ஆறுதலாகக் கிடைத்த பீச் பவுலில் ஆபர்னை 34–27 என்று வென்றார்கள். அந்த ஆபர்ன், சீசனில் ஜோர்ஜியாவையும் அலபாமாவையும் வென்ற அணி. இறுதியாட்டத்தில் மோதியது அதே ஜோர்ஜியாவும் அலபாமாவும்! 'நாங்கள்தான் தேசியச் சாம்பியன்' என்று சென்ட்ரல் ஃபுளோரிடா அறிவித்தது. டிஸ்னி வர்ல்டில் ஊர்வலம் போனது, பயிற்சியாளர்களுக்குச் சாம்பியன் போனஸ் கொடுத்தது, அரங்கில் பதாகை ஏற்றியது. நாடே சிரித்தது.

தர்க்கமாகப் பார்த்தால் அவர்கள் வாதத்தில் ஓட்டை உண்டு. அ, ஆவை வென்றது. ஆ, இயை வென்றது. ஆகவே அ பெரியது என்பது விளையாட்டில் செல்லாது. ஆபர்ன் அந்த ஆண்டு கிளெம்சனிடமும், எல்.எஸ்.யு.விடமும், பிற்பாடு ஜோர்ஜியாவிடமுமே தோற்ற அணிதான். ஆனால் அவர்களுக்கு ஒரு ரசீதும் கிடைத்தது. வெஸ்லி கோலி என்ற வானியற்பியலாளரின் கணினிக் கணக்கு அவர்களை முதலிடத்தில் வைத்தது. அந்தக் கணக்கு என்.சி.ஏ.ஏ. ஏற்ற பட்டியலில் இருப்பதால் சென்ட்ரல் ஃபுளோரிடாவின் பெயர் பதிவுப் புத்தகத்தில் ஏறிவிட்டது.

கோலியின் முறையைக் கொஞ்சம் சொல்ல ஆசை, ஏனென்றால் அழகானது. ஒரு ஆட்டமும் ஆடாத அணியின் மதிப்பு அரை. ஆடிய பின், வெற்றிகளோடு ஒன்றைக் கூட்டி, ஆட்டங்களோடு இரண்டைக் கூட்டி வகுக்க வேண்டும். பதின்மூன்றுக்குப் பதின்மூன்று என்றால் 14/15, சுமார் 0.933. பதினான்கில் ஒன்று தோற்ற அலபாமாவுக்கு 14/16, அதாவது 0.875. பிறகு ஒவ்வொரு அணியின் மதிப்பும் அது மோதிய எதிரிகளின் மதிப்பைப் பொறுத்துத் திருத்தப்படும். எதிரிகளின் மதிப்பும் அப்படியே. எல்லாச் சமன்பாடுகளையும் ஒன்றாக வைத்து ஒரே அணிக்கோவையாகத் தீர்த்தால் விடை. எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தாய், எந்த ஊர்க்காரன், உன் பயிற்சியாளர் யார், எதையும் அது கேட்பதில்லை. முதல் வருஷக் கணிதம் படித்தவர் யாரும் சரிபார்க்கலாம். இந்தக் கணக்கின் விடையை ஏற்க வேண்டும் என்பதில்லை. ஆனால் மூடிய அறைக் குழுவின் தீர்ப்பை இப்படிச் சரிபார்க்க முடியாது. பத்திரிகை வாக்கெடுப்பில் 61 பேரில் நான்கு பேர் சென்ட்ரல் ஃபுளோரிடாவுக்கே முதலிடம் தந்தார்கள். என் கணக்கில் 1941 அலபாமாவைவிட 2017 சென்ட்ரல் ஃபுளோரிடா பல மடங்கு யோக்கியமான கோரல். அவர்கள் தோற்கவில்லை, அன்றே சொன்னார்கள், சிரிப்பையும் நேருக்கு நேர் வாங்கிக்கொண்டார்கள்.

சிக்கலான கேஸ்களும் உண்டு. அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் சங்கம் 2016-இல் உட்கார்ந்து, 1945-இன் பட்டத்தை ஓக்லஹோமா ஸ்டேட்டுக்குக் கொடுத்தது. அந்த அணி ஒன்பதும் வென்றது உண்மை. அன்றைய வாக்கெடுப்பில் ராணுவக் கல்லூரி அணி முதலிடம் வாங்கியதும் உண்மை. எழுபது வருஷம் கழித்துக் கிடைத்த மோதிரம் என் அளவுகோலில் தேறாது. ஆனாலும் இதைச் சொல்லும்போது எனக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை. போர் முடிந்த ஆண்டில் ஆடிய பையன்களில் சிலர் தொண்ணூறு வயதில் அந்தச் செய்தியைக் கேட்டிருந்தால், நான் யார் வேண்டாம் என்று சொல்ல?

பதிவுப் புத்தகம் எதைச் சேர்த்துக்கொண்டது என்று இவ்வளவு நேரம் பார்த்தோம். எதைச் சேர்க்கவில்லை என்பது இன்னும் முக்கியம். 1920 முதல் பிட்ஸ்பர்க் கூரியர் என்ற கறுப்பினத்தவரின் வாரப் பத்திரிகை, கறுப்பினக் கல்லூரிகளுக்கான தேசியச் சாம்பியனை ஒவ்வொரு சீசனும் அறிவித்து வந்தது. அன்றைய தென்மாநில வெள்ளைப் பல்கலைக்கழகங்கள் கறுப்பின மாணவர்களைச் சேர்க்கவில்லை. அவர்கள் அணிகளோடு ஆடவும் இல்லை. கூரியரின் பட்டம் என் அளவுகோலில் முழு மதிப்பெண் வாங்குகிறது. அந்த ஆண்டே, பெயர் சொல்லி, அச்சில். கிராம்பிளிங்கின் எடி ராபின்சன் 408 ஆட்டங்களை வென்ற பயிற்சியாளர். அவர் எடுத்த பட்டங்களும் இந்த வரிசையில்தான். ஆனால் என்.சி.ஏ.ஏ.வின் மேல்மட்டப் பட்டியலில் ஹூல்கேட் உண்டு, 1869-இன் இரண்டாட்டச் சாம்பியன்களும் உண்டு, கூரியர் கிடையாது.

1966-ஐ இந்த வெளிச்சத்தில் திரும்பிப் பாருங்கள். நவம்பர் 19 அன்று நோட்ர டேமும் மிச்சிகன் ஸ்டேட்டும் 10–10 என்று சமன் செய்தன. அவைதான் முதல் இரண்டு இடம். ஒரு சமன்கூட இல்லாத அலபாமா மூன்றாவது. அலபாமாவில் பலர் இதை அநியாயம் என்பார்கள். அன்றைய அலபாமா அணி முழுக்க வெள்ளையர் அணி என்பதும், வாக்களித்தவர்கள் சிலர் மனசில் அது ஓடியிருக்கும் என்பதும் அந்தப் புலம்பலில் கேட்கும். மிச்சிகன் ஸ்டேட்டின் நட்சத்திரம் பப்பா ஸ்மித் டெக்சஸ் பொமோண்ட்காரர். சொந்த மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழக அணியில் கறுப்பினத்தவருக்கு அப்போது இடமில்லாததால் வடக்கே போனவர். அலபாமா தன் முதல் கறுப்பின உதவித்தொகை வீரரை எடுத்தது 1970-இல்தான். 'தோற்காத அணி' என்ற சொல்லுக்குப் பின்னால், யாரோடு ஆட மறுத்து அந்தத் தோல்வியின்மை வந்தது என்ற கேள்வி இருக்கிறது. அதை எந்தக் கணக்கு முறையும் உள்ளே எடுப்பதில்லை, கோலியின் அணிக்கோவை உட்பட. நடக்காத ஆட்டத்துக்கு அதில் வரிசை கிடையாது.

2024-இலிருந்து பன்னிரண்டு அணிகள் பிளேஆஃப் ஆடுகின்றன. இனிமேல் சண்டை பன்னிரண்டாவது யார், பதின்மூன்றாவது யார் என்று கீழே இறங்கிவிடும். பழைய சுவர்கள் அப்படியே இருக்கும். அலபாமா 1980-களில் சேர்த்த ஐந்தில் நான் நியாயம் உண்டு என்று விட்டுவந்த 1925-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அணி ரோஸ் பவுலில் வாஷிங்டனை 20–19 என்று வென்றது, தென்மாநிலக் கால்பந்தின் பெருமையே அங்கிருந்து தொடங்குவதாக எழுதுவார்கள். அதே 1920-களின் நடுவில், அதே அலபாமா மாநிலத்தில், கிளீவ் அபட் பயிற்சியில் டஸ்கீகி அணி கறுப்பினக் கல்லூரிப் பட்டங்களைக் குவித்துக்கொண்டிருந்தது. டஸ்கலூசாவிலிருந்து டஸ்கீகிக்கு இன்று காரில் போனால் மூன்று மணி நேரம்கூட ஆகாது. இரண்டு அணிகளும் அந்த ஆண்டுகளில் ஒருமுறைகூட மோதவில்லை.